கொலைகாரருக்குக் கும்பிடா?

"நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ்" என்று ஒரு அமெரிக்க சினிமாப்படம் 1994-ம் வருஷத்தில் வெளிவந்தது. அப்பெயரைத் தமிழில் சொல்வதானால் "பிறவிக் கொலைகாரர்கள்" என்று சொல்லலாம். படம் வந்து முப்பது வருஷத்திற்கு மேல் ஆகியும் அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு கூட்டத்தார், "இப்படம் வாலிபர்களைக் கொலைகாரர்களாக்குகிறது, இதைக் கொளுத்த வேண்டும்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "இது உயர்ந்த கலை, கலையைக் கேள்வி கேட்க நீ யார்?" என்கிறார்கள். கொளுத்து என்கிறவரும் கும்பிடு என்கிறவரும் நமக்குப் புதியவர்களல்ல. எந்த விஷயத்தை எடுத்தாலும் இவ்விரு திறத்தாரும்தான் முதலில் வந்து நிற்பார்கள். இருவரும் செய்யாத காரியம் ஒன்றுண்டு. அது யோசிப்பது. நாம் அதைச் சற்றுச் செய்து பார்ப்போம்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம். குவென்டின் டாரன்டினோ என்பவர் எழுதிய கதையை ஆலிவர் ஸ்டோன் என்பவர் மாற்றிப் படமாக எடுத்தார். மிக்கி என்று ஒருவன், மாலரி என்று ஒருத்தி. அப்பெண்ணைப் பெற்ற தகப்பனே அவளைக் கெடுக்கிறான். தாயார் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். மிக்கி வருகிறான். இருவருமாய்ச் சேர்ந்து தாய் தகப்பனைக் கொன்றுவிட்டுக் காரில் ஏறிப் புறப்படுகிறார்கள். மூன்று வாரத்திற்குள் 52 பேரைக் கொல்லுகிறார்கள். ஒவ்வோரிடத்திலும் ஒரு ஆளை மாத்திரம் உயிரோடு விட்டுவைக்கிறார்கள். எதற்காக? நடந்ததை ஊராருக்குச் சொல்ல ஆள் வேண்டுமே, அதற்காக! டெலிவிஷன்காரன் ஒருவன் இவர்களுடைய கதையை வாராவாரம் காட்டிப் பணம் பண்ணுகிறான். தேசமெங்கும் வாலிபர்கள் இவர்களைத் தலைமேல் வைத்துக் கூத்தாடுகிறார்கள். பிடிபட்டு ஜெயிலில் இருக்கும்போது அதே டெலிவிஷன்காரன் மிக்கியைப் பேட்டி காண வருகிறான். அந்தப் பேச்சைக் கேட்டு ஜெயிலே கலகத்தில் இறங்குகிறது. கலகத்தில் இருவரும் தப்புகிறார்கள். தப்பியபின் தங்களைப் பிரபலப்படுத்திய அந்த டெலிவிஷன்காரனையே அவனுடைய காமிராவுக்கு முன் சுட்டுத்தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். இவ்வளவுதான் கதை.

கொலைகாரரைப் பெரிய மனிதராக்கும் பத்திரிகை, டெலிவிஷன் வியாபாரத்தைப் பரிகாசம் செய்யவே இப்படத்தை எடுத்ததாக எடுத்தவர் சொல்லுகிறார். அந்த நோக்கம் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. மகளைத் தகப்பன் கெடுக்கும் காட்சியை அமெரிக்க வீடுகளில் தினம் பார்க்கும் சிரிப்பு நாடகம் போலவே எடுத்து, பின்னாலிருந்து ஜனங்கள் சிரிக்கும் சத்தத்தையும் சேர்த்திருக்கிறார். எதைப் பார்த்தும் சிரிக்கப் பழகிவிட்ட கூட்டத்தின் முகத்துக்கு நேரே பிடித்த கண்ணாடி அது. ஆனால் கள் குடிப்பது கேடு என்று கள்ளுக்கடைக்குள் நின்று பிரசங்கம் செய்து, கேட்க வந்தவனுக்குக் கிண்ணம் கிண்ணமாய் ஊற்றியும் கொடுத்தால், வீட்டுக்குப் போகிறவன் எதைக் கொண்டுபோவான்? பிரசங்கத்தையா, போதையையா? இந்தக் கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.

நிற்க, படத்தின் பெயரைக் கவனியுங்கள். "பிறவிக் கொலைகாரர்கள்" என்பதுதான் நமக்கு முதல் ஆட்சேபணை. பிறவியிலேயே உயர்ந்தவன், பிறவியிலேயே தாழ்ந்தவன் என்று ஒருவன் சொன்னால் நாம் ஒப்புக்கொள்கிறோமா? தலையெழுத்து, பூர்வஜன்ம பலன் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறோமா? பிறவியினால் மேன்மை இல்லையென்றால் பிறவியினால் கொலைத்தொழில் மாத்திரம் எப்படி வரும்? இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படமே தன் பெயரைப் பொய்யாக்குகிறது. தகப்பன் அப்படிப்பட்டவன், தாய் இப்படிப்பட்டவள், ஊர் இன்ன மாதிரி, பணம் பண்ணியவன் இவன் என்றெல்லாம் இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு, பெயரை மாத்திரம் பிறவியின் தலையில் கட்டினால் அது எப்படிப் பொருந்தும்? கொலைகாரன் செய்யப்படுகிறான். யாரால், எப்படி என்பதை ஒரு நிஜக் கதையைக் கொண்டே பார்த்துவிடுவோம். இந்த மாதிரிப் படங்களுக்கெல்லாம் மூலபுருஷர்களான ஜோடி ஒன்றுண்டு. அவர்கள்தான் கிளைட் பாரோ, பானி பார்க்கர்.

கிளைட் 1909-ல் டெக்சஸ் மாகாணத்தில் ஏழைக் குடியானவனுக்குப் பிறந்தவன். ஏழு பிள்ளைகளில் ஒருவன். நிலத்தில் பிழைக்க வழியில்லாமல் குடும்பம் டல்லாஸ் நகரத்தின் மேற்குப்புறச் சேரிக்கு வந்தது. குடியிருக்க வீடில்லாமல் சில மாதங்கள் வண்டிக்கடியில் படுத்துறங்கினார்கள். 1926-ல் வாடகைக்கு எடுத்த காரை உரிய காலத்தில் திருப்பிக்கொடுக்கவில்லை என்று முதல் தடவை கைதானான். அடுத்த கைது திருட்டு வான்கோழிகளை வைத்திருந்ததற்காக. பிறகு கார் திருடினான், கடைகளை உடைத்தான். 1930-ல் ஈஸ்தம் என்ற ஜெயில் பண்ணைக்கு அனுப்பப்பட்டான். அங்கே கைதிகளுக்கு வயலில் மாடுபோல் வேலை, மேலே அடியும் உதையும். பலசாலியான ஒரு கைதி இவனைப் பலதடவை பலாத்காரம் செய்தான். கேட்பாரில்லை. கடைசியில் இவன் அவனைக் குழாயால் அடித்துக் கொன்றான். அதுவே முதல் கொலை. வயல் வேலையிலிருந்து தப்பிப்பதற்காக 1932 ஜனவரியில் கால்விரல் இரண்டை வெட்டிக்கொண்டான். அதற்கு ஆறு நாளைக்குப் பிறகு, தாயார் போட்டிருந்த மனுவின் பேரில் விடுதலையானான்! நொண்டிக் காலோடு வெளியே வந்தவன் திருந்தி வந்தானா? கோழித் திருடனாய் உள்ளே போன பையனைக் கொலைகாரனாக்கி வெளியே அனுப்பிய பள்ளிக்கூடம் அது.

பானி 1910-ல் பிறந்தவள். தகப்பன் கொத்து வேலைக்காரன். அவளுக்கு நாலு வயதாகும்போதே இறந்துபோனான். பள்ளிக்கூடத்தில் நன்றாய்ப் படித்தவள், கவி எழுதுகிறவள். 16 வயது நிறைய ஆறு நாள் இருக்கும்போது கல்யாணம் நடந்தது. புருஷன் யோக்கியனல்ல. கடைசியில் அவன் ஜெயிலுக்குப் போனான். இவள் சாப்பாட்டு விடுதியில் பரிமாறிப் பிழைத்தாள். 1930 ஜனவரியில் கிளைடைச் சந்தித்தாள். அதற்குப்பின் நாலே வருஷந்தான் அவள் ஆயுள். சாகும்போதும் முதல் புருஷன் போட்ட மோதிரம் அவள் விரலில் இருந்தது. எட்டும் வயதில் படிக்கவைத்திருந்தால், சொந்தக்காலில் நிற்கும்படியான தொழிலொன்று கற்றுக்கொடுத்திருந்தால், இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவனை நம்பியே தீரவேண்டிய கதி அவளுக்கு வந்திருக்குமா என்று பெண்மக்களைப் பெற்றவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

இவ்வளவு சொன்னதால் அவர்கள் செய்ததற்கு நாம் சமாதானம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அதே சேரியில் அதே பட்டினியோடு ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். அவர்கள் துப்பாக்கி எடுக்கவில்லை. காரணம் சொல்லுவது வேறு, நியாயம் சொல்லுவது வேறு. காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்று வைத்தியர் சொன்னால் காய்ச்சல் நல்லது என்றா அர்த்தம்?

இந்தக் கூட்டத்தார் கொன்றது 13 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் ஒன்பது பேர் போலீஸ் உத்தியோகஸ்தர்கள். இவர்கள் பாங்கிகளைக் கொள்ளையிட்ட வீரர்கள் என்று கதை. உண்மையில் பாங்கியைவிட மளிகைக்கடையும் பெட்ரோல் கடையுந்தான் அதிகம். அந்தப் பஞ்ச காலத்தில் ஒரு மளிகைக்கடைக்காரன் கல்லாவில் என்ன கோடியா இருந்திருக்கும்? பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்ததாய் ஒரு பாட்டுண்டு. கடைக்காரனும் ஏழை, கடையில் வேலைபார்த்தவனும் ஏழை, 1934 ஏப்ரல் 6-ந்தேதி ஓக்லஹோமாவில் இவர்களால் சுடப்பட்டுச் செத்த காம்ப்பெல் என்ற வயதான கான்ஸ்டபிளும் ஏழை. அவர் மனைவியை இழந்தவர், தனியாகப் பிள்ளைகளை வளர்த்துவந்தவர்.

அதற்கு ஐந்து நாள் முன்பு, ஏப்ரல் முதல் தேதி, டெக்சஸில் கிரேப்வைன் என்ற ஊருக்குப் பக்கத்தில், வழியில் நின்ற காருக்கு ஏதாவது உதவி வேண்டுமோ என்று பார்க்கப்போன இரண்டு ரோந்துக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மர்பி என்ற வாலிபருக்கு விரைவில் கல்யாணம் நடப்பதாக இருந்தது. அவரை மணக்க இருந்த பெண், கல்யாணத்துக்கென்று தைத்து வைத்திருந்த உடையை உடுத்திக்கொண்டு அவருடைய சவ அடக்கத்துக்கு வந்தாள். அப்பெண்ணைப் பற்றி எத்தனை படம் எடுத்தார்கள்? அவளுடைய உடையை எவன் ஏலத்தில் கேட்டான்?

இப்போது கும்பிடு போட்ட கதையைக் கேளுங்கள். 1933 ஏப்ரலில் ஜாப்ளின் என்ற ஊரில் போலீசாரோடு சண்டையிட்டு இரண்டு பேரைக் கொன்றுவிட்டு ஓடியபோது, கழுவாத போட்டோச் சுருள்களை விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றைக் கழுவிப் பத்திரிகைகள் தேசமெங்கும் அச்சடித்தன. ஒரு படத்தில் பானி வாயில் சுருட்டும் கையில் கைத்துப்பாக்கியுமாய் நின்றாள். அவள் சுருட்டுப் பிடிப்பவளல்ல. வேடிக்கைக்காகப் பிடித்த படம். ஆனாலும் பத்திரிகைகளுக்கு அன்றுமுதல் "சுருட்டுப் பிடிக்கும் கொள்ளைக்காரி" கிடைத்துவிட்டாள். அதற்கடுத்த மாதங்களில் அவள் நிலைமை என்ன? 1933 ஜூனில் கார் கவிழ்ந்து, கால் எலும்பு தெரிய வெந்துபோய், நடக்கமுடியாமல் கிளைடு தூக்கிக்கொண்டு போகவேண்டியவளாய்க் கிடந்தாள். ஆற்றில் குளித்து, காரில் தூங்கி, புண்ணோடு திரிந்ததுதான் அந்தக் "காதல் காவியம்".

1934 மே 23-ந்தேதி லூசியானா மாகாணத்தில் ஒரு கிராமச் சாலையோரம் பிராங்க் ஹேமர் என்பவரும் வேறு ஐந்து உத்தியோகஸ்தர்களும் ஒளிந்திருந்து, சுமார் 130 குண்டுகளைச் சுட்டு இருவரையும் கொன்றார்கள். விசாரணையில்லை, தீர்ப்பில்லை. பானியின் உடம்பில் 26 குண்டுக் காயங்கள் எண்ணப்பட்டன. அவள் கையால் யாரும் செத்ததாய்ச் சாட்சியங்களைக் கொண்டு நிரூபிக்கப்படவும் இல்லை. கொலைகாரனுக்கும் கோர்ட்டு உண்டு என்பதுதான் நாகரிகத்துக்கும் காட்டுக்கும் உள்ள பேதம். அந்த பேதம் அன்று அந்தச் சாலையில் அழிந்துபோயிற்று.

அடுத்து நடந்ததுதான் கேவலம். செய்தி பரவியதும் ஜனங்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி பானியின் ரத்தம் தோய்ந்த தலைமயிரையும் உடையையும் கத்தரித்துக்கொண்டாள். ஒருவன் கிளைடின் காதை அறுக்கப் பார்த்தான். இன்னொருவன் துப்பாக்கி பிடித்த விரலை அறுக்கப் பார்த்தான். உடல்களைக் கொண்டுபோன ஆர்க்கேடியா என்ற ஊரில் இரண்டாயிரமாயிருந்த ஜனத்தொகை சில மணி நேரத்தில் பன்னிரண்டாயிரமாயிற்று. 15 சென்ட்டு விற்ற பீர் 25 சென்ட்டாயிற்று. டல்லாஸில் மாத்திரம் ஐந்து லட்சம் பத்திரிகைகள் விற்றன என்று சொல்லப்படுகிறது. பானியின் சவ ஊர்வலத்துக்கு வந்த மாலைகளில் எல்லாவற்றிலும் பெரியது பத்திரிகை விற்கும் பையன்கள் அனுப்பியதாம். வயிற்றுப் பிழைப்புக்கு அந்தப் பையன்கள் செய்த நன்றி அது. பத்திரிகை முதலாளிகள் எவ்வளவு பெரிய மாலை அனுப்பியிருக்க வேண்டும்!

குண்டு துளைத்த கார் ஊர் ஊராய்த் திருவிழாக்களில் டிக்கெட்டு வைத்துக் காட்டப்பட்டது. கிளைடு போட்டிருந்த சட்டையை 1997-ல் ஒரு சூதாட்ட விடுதிக்காரர் 85,000 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தார். செத்த இடத்துக்குப் பக்கத்து ஊரில் வருஷந்தோறும் விழா நடத்தி, அவர்களைச் சுட்டதை நடித்தும் காட்டிவருகிறார்கள். தோழர்களே! எலும்பையும் பல்லையும் மயிரையும் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறவனைப் பார்த்து "மூடநம்பிக்கை" என்று சிரிக்கும் நாகரிக தேசத்தார், கொலைகாரனுடைய சட்டைக்கு 85,000 டாலர் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? சாமியை மாற்றிவிட்டதால் மூடத்தனம் போய்விடுமா?

இந்தக் கதையைத்தான் 1967-ல் ஆர்தர் பென் என்பவர் "பானி அண்ட் கிளைட்" என்று படமெடுத்தார். வாரன் பீட்டி, பே டனவே என்ற இரண்டு அழகான நடிகர்கள் நடித்தார்கள். பெரிய பத்திரிகை விமர்சகர் ஒருவர் அதைத் தூற்றினார். மற்றொருவர் போற்றினார். இரண்டு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. பானி போட்டிருந்த மாதிரித் தொப்பி கடைகளில் பறந்தது. படம் திறமையாய் எடுக்கப்பட்டது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சுடப்பட்டவனுக்கு நோகும், ரத்தம் வரும் என்று அமெரிக்க சினிமாவில் உறைக்கும்படி காட்டியதும் அதுவே. ஆனால் அதில் ஹேமரை இவர்கள் முன்னமே பிடித்து அவமானம் செய்ததாகவும், அதற்குப் பழிவாங்கவே அவர் சுட்டதாகவும் காட்டினார்கள். உண்மையில் அந்தச் சாலையில் சுடும் நாள்வரை அவர் இவர்களை நேரில் சந்தித்ததே கிடையாது. அவருடைய விதவை மனைவி வழக்குப் போட்டு, 1971-ல் பணம் கொடுத்து ராஜியாக வேண்டியதாயிற்று. பொய் சொல்லாமல் இவர்களை வீரராக்க முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனி, "படம் பார்த்துக் கொலை செய்தார்கள்" என்ற வாதத்துக்கு வருவோம். 1995 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு வாலிபனும் அவன் சிநேகிதியும் "பிறவிக் கொலைகாரர்கள்" படத்தைப் பார்த்துவிட்டு, போதை மருந்தும் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டு, மிசிசிப்பி மாகாணத்தில் ஒரு மனிதரைக் கொன்றார்கள். மறுநாள் லூசியானாவில் ஒரு கடையில் வேலை செய்த பெண்ணைச் சுட்டார்கள். அப்பெண் கைகால் விளங்காமல் போனாள். அவள் படமெடுத்தவர்கள் மேலும் வழக்குப் போட்டாள். அது பல கோர்ட்டுகள் ஏறி இறங்கி, கொலையைத் தூண்ட வேண்டுமென்ற எண்ணத்தோடு படமெடுத்ததாக ருசு இல்லையென்று 2001-ல் தள்ளுபடியாயிற்று.

அந்தப் பெண்ணின் துயரம் பெரிது. அவள் கேட்டதில் தவறில்லை. ஆனால் "படந்தான் செய்தது" என்று மேடையேறிப் பேசுகிறவர்களை நாம் கேட்கிறோம்: "பேய் பிடித்தது, அதனால் வெட்டினேன்" என்று ஒருவன் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? "கிரகக்கோளாறு" என்றால் விட்டுவிடுவீர்களா? லட்சக்கணக்கானவர்கள் அதே படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்களே, அவர்களை ஏன் அந்தப் பேய் பிடிக்கவில்லை? அந்த வாலிபர்கள் கைக்குத் துப்பாக்கி எப்படி வந்தது? போதை மருந்து எப்படி வந்தது? அவர்கள் வளர்ந்த வீட்டில் என்ன குறை? இவ்வளவையும் விசாரிக்கச் சோம்பல்பட்டு, ஒரு படத்தின் மேல் பழியைப் போட்டு வேப்பிலை அடித்துவிட்டால் வேலை சுலபமாய் முடிந்துவிடும் என்பதுதானே சங்கதி?

"அப்படியானால் தடை செய்தாலென்ன?" என்பார்கள். அயர்லாந்தில் 1994-ல் அப்படத்தைத் தடுத்தார்கள். அமெரிக்காவிலும் சுமார் 150 இடங்களில் வெட்டிய பிறகே கொட்டகைக்கு வந்தது. ஆனால் சரித்திரத்தைப் பாருங்கள். பானியும் கிளைடும் செத்த 1934-ம் வருஷ ஜூலை முதல்தான் அமெரிக்க சினிமாக்காரர்கள், குற்றவாளிகள்பேரில் ஜனங்களுக்கு அனுதாபம் வரும்படி படமெடுக்கக்கூடாது என்ற தங்கள் கட்டுப்பாட்டைக் கண்டிப்பாய் நடத்த ஆரம்பித்தார்கள். அது 1968 வரை ஏட்டில் இருந்தது. அவ்வளவு காலமும் என்ன நடந்தது? குண்டு துளைத்த கார் டிக்கெட்டு வைத்து ஊர்வலம் வந்துகொண்டிருந்தது! அன்றியும், 1934-ல் தலைமயிரைக் கத்தரிக்க ஓடிவந்தவள் எந்தப் பானி சினிமாவைப் பார்த்தாள்? அப்போது அப்படி ஒரு படமே கிடையாது. சினிமாவுக்கு முன்னமே கும்பிடும் புத்தி இருந்தது. புத்தியைத் தொடாமல் பிலிமை வெட்டினால் வெட்டிய இடத்தில் வேறொன்று முளைக்கும். இன்றைக்குப் பெரியவர் ஒருவர் கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டு கொலைப்படத்தை வெட்டுவார். நாளைக்கு அதே கத்திரிக்கோல் ஈஸ்தம் ஜெயிலைக் காட்டும் படத்தையும் வெட்டும். அதையும் மறந்துவிடக்கூடாது.

ஆகையால் நாம் சொல்லுவது இதுதான். வயது வந்தவர்கள் எந்தப் படத்தையும் பார்க்கட்டும். சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். ஆனால் டிக்கெட்டு வாங்கும்போது மூளையைக் கொட்டகை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டாம். நாலு கேள்விகளையும் கூடவே கொண்டுபோகட்டும். இந்தப் படத்தில் பெயரில்லாமல் சாகிறவன் யார், அவனுக்குப் பெண்டு பிள்ளை இல்லையா? கொல்லுகிறவனைக் கொல்லுகிறவனாக்கியது எது, அதை எவராவது திருத்தினார்களா? இந்தக் கொலையினால் பணம் பண்ணினவன் யார்? செத்தவனைப் பார்த்து நான் சிரித்தேனே, ஏன் சிரித்தேன்? இந்த நாலுக்கும் பதில் தேடிக்கொண்டு வெளியே வருகிறவனை எந்தப் படமும் கெடுத்துவிடாது. கேள்வியே இல்லாமல் போகிறவனைக் கெடுக்கப் படம் வேண்டியதில்லை, ஒரு போட்டோ போதும்.

கொலைகாரனை அவதாரமாக்கவும் வேண்டாம், அசுரனாக்கவும் வேண்டாம். இரண்டும் ஒரே புராணம். அவன் மனிதன். மனிதர்களால் கெடுக்கப்பட்டு, மனிதர்களைக் கெடுத்தவன். ஜெயிலைத் திருத்துங்கள், சேரியைத் திருத்துங்கள், பெண்ணுக்குப் படிப்பும் தொழிலும் கொடுங்கள். அதற்குமேல் கும்பிட்டுத்தான் தீரவேண்டும் என்று யாருக்காவது கை துறுதுறுத்தால், கல்யாண உடையோடு சுடுகாட்டுக்கு வந்தாளே ஒரு பெண், அவளை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளட்டும். பிறகு கை தானே கீழே இறங்கிவிடும்.